திங்கட்கிழமைக்கு எத்தனை பேருக்குச் சமையல்

மண்ணூர்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

என் செல்ல மகள் எழிலரசிக்கு அம்மா சந்திரம்மாள் எழுதுவது. நான், அப்பா, தம்பி அன்பு மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே குஜராத்தில் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருக்க வேண்டும் என்று எல்லையம்மனைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். மனசைப் பற்றிக் கேட்காதே, அதைத்தான் கீழே எழுதப்போகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் திடீரென்று ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புகிறாளே என்று நீ பயந்துவிடாதே, வீட்டுக்கு ஒருத்தி பயந்தால் போதும். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிப்பாய், பக்கத்துக் கட்டிலில் வேல்விழி உட்கார்ந்துகொண்டு அத்தை என்ன சொல்கிறாள் என்று கேட்பாள், கடைசியில் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். வாட்ஸப்பில் பேசி அனுப்பலாம் என்றால் போன வருஷம் என்னோடு சமைக்கிற கிளியம்மாள் மெஸ்ஸைப் பற்றி என்னவோ பேசி அனுப்பியது ஊரெல்லாம் சுற்றிக் காண்ட்ராக்டர் காதுக்கே போய், அவளைப் பதினைந்து நாள் வீட்டில் உட்கார வைத்தார்கள். அதனால்தான் காகிதம். இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வருகிற ஒன்றாம் தேதி அந்தக் கம்பெனி வேலையை விடுவதாகப் பேப்பர் போட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறேன் என்றாயே, பேப்பர் போடாதே. வரட்டாம்மா என்று நீ கேட்டபோது வா கண்ணு என்று சொன்னவளும் நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. அன்றைக்குச் சந்தோஷத்தில் எனக்குக் கை கால் ஓடவில்லை. உன் கட்டிலில் அடுக்கி வைத்திருந்த மூட்டை முடிச்சையெல்லாம் எடுத்துப் பரணில் போட்டேன், அப்பா உனக்காக ஒரு ஃபேன்கூட வாங்கி மாட்டிவிட்டார். வல்லம் வடகாலில் புதுக் கட்டடம் எழும்புகிறது, ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று வேல்விழி சொல்வதை நம்பி நீ கிளம்புகிறாய். கட்டடம் எழும்புவது உண்மைதான், நானும் தினம் பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன். ஆனால் அதற்குப் பக்கத்துக் கட்டடத்தில் என்ன நடந்தது என்று வேல்விழிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு இருபது நாளாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் மெஸ் எப்படி நடக்கிறது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன் இல்லையா. ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் மேனேஜர் மகாராஜா ஒரு சீட்டு கொண்டுவந்து தருவான். திங்கட்கிழமையிலிருந்து காலைக்கு எத்தனை பேர், மதியத்துக்கு எத்தனை பேர், இரவுக்கு எத்தனை பேர் என்று அதில் இருக்கும். அதை வைத்துத்தான் ஸ்டோரில் அரிசி பருப்பு அளந்து கொடுப்பார்கள். ஹாஸ்டலில் அந்தப் பக்கத்துக் கட்டடத்துக் கம்பெனியில் வேலை செய்கிற ஆயிரத்து முந்நூறு பெண்கள், பத்து கூடும், இருபது குறையும், பொங்கல் தீபாவளிக்குப் பாதி ஆகும். மூன்று வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை சீட்டைப் பார்த்தால் திங்கட்கிழமை காலைக்கு மட்டும் பழைய கணக்கு, மதியத்திலிருந்து தொள்ளாயிரம் என்று எழுதியிருக்கிறது. நான் ஏதோ எழுத்துப் பிழை என்று நினைத்து, என்னப்பா மகாராஜா, இந்த வாரம் பண்டிகை எதுவும் இல்லையே என்றேன். அவன் என்னை ஸ்டோர் ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, “யக்கா, கம்பெனில ரெண்டு லைன் நிக்கிது, நானூறு பேருக்கு வேல இல்ல. பிள்ளைகளுக்குத் திங்கக்கெழம காலைலதான் சொல்லுவாக. நீங்க வெளிய சொல்லிராதீங்க, எம் பொழப்பு போயிரும், ஒங்க பொழப்பும் போயிரும்” என்றான். அவன் கோவில்பட்டிப் பக்கத்துப் பையன், வயது இருபத்தெட்டு, கல்யாணம் ஆகி ஆறு மாதம். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கிளியம்மாள் எட்டிப் பார்த்து, “இன்னா சந்திரா, ஆறு சிப்பம் அரிசி போடற எடத்துல நாலுதான் குடுக்கிறாங்கோ” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று அவளிடமும் சொல்லிவிட்டேன்.

அந்த நானூறு பேரில் ஒருத்தி செல்வலட்சுமி, செல்வி என்று கூப்பிடுவோம். சங்கரன்கோவில் பக்கம் ஊர், உன்னைவிட ஒரு வயது சின்னவள், போன தடவை நீ லீவுக்கு வந்தபோது உனக்கு மருதாணி வைத்துவிட்டாளே, அவள்தான். ஞாயிற்றுக்கிழமை லீவில் மற்றவர்கள் தூங்குவார்கள், இவள் மட்டும் கிச்சனுக்கு வந்து வெங்காயம் உரித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். சீட்டு வந்த மறுநாளும் வந்தாள். தண்டலத்தில் ஒரு மருந்துக்கடையில் பில் போட ஆள் கேட்கிறார்களாம், சம்பளம் கொஞ்சம் கம்மி, தங்க இடம் அவளே பார்த்துக்கொள்ள வேண்டும், அன்று சாயங்காலத்துக்குள் வருகிறாளா இல்லையா என்று சொல்ல வேண்டுமாம். “சித்தி, போகட்டா, இங்ஙனயே இருக்கட்டா, நீங்க சொல்லுங்க” என்றாள். எழிலு, நான் என்ன சொன்னேன் தெரியுமா. மகாராஜா ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் குனிந்து வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே, இருக்கிற வேலையை ஏன்மா விடணும் என்றேன். ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. போ என்று கண்ணால் காட்டியிருக்கலாம். நான் இரு என்றேன். அவள் என் எதிரிலேயே அந்தக் கடைக்குப் போன் போட்டு வரவில்லை சார் என்று சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் எப்போதும்போல இட்லி தின்றுவிட்டு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போனார்கள். கேட்டில் கழுத்தில் மாட்டியிருக்கிற டேக்கைக் காட்டினால் கதவு திறக்கவில்லை. அப்படியே அதே பஸ்ஸில் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டு மணிக்குள் ரூமைக் காலி பண்ண வேண்டும், கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் பஸ் விடுகிறோம் என்று ஒரு பேப்பரை ஒட்டினார்கள். மதியம் நானூறு பேரும் பெட்டி பக்கெட்டோடு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள், உள்ளே அவர்களுக்குச் சோறு இல்லை. அவர்கள் இல்லாத கணக்குக்கு நான்தானே உலை வைத்தேன். இன்னும் இரண்டு சிப்பம் போடலாம் என்று கிளியம்மாள் சண்டை போட்டாள், ஸ்டோரைப் பூட்டிவிட்டார்கள். மகாராஜா வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பேக்கரியில் பன் வாங்கிவந்தான், ஒருத்தியும் தொடவில்லை. செல்வி மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்தாள். கவுண்டரில் இருக்கிற மெஷினும் அவள் டேக்கை எடுத்துக்கொள்ளவில்லை. கரண்டியோடு நான் நிற்கிறேன். அண்டாவையும் என்னையும் பார்த்தாள். “சித்தி, ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்லா” என்றாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் ஊருக்குப் போய்விட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். எட்டாம் நாள் அவள் அம்மா முப்பிடாதி எனக்குப் போன் போட்டாள். செல்வி தன் போனில் பேலன்ஸ் இல்லாதபோது என் போனில்தான் வீட்டுக்குப் பேசுவாள், அப்படி வந்த நம்பர். “யம்மா, செல்வி போன எடுக்க மாட்டேங்கா, வேல சாஸ்தின்னு மெசேஜ் மட்டும் போடுதா. ஷிப்டுல இருக்காளா? பிள்ள சாப்பிடுதா?” என்று கேட்டாள். வேலை போன விஷயத்தைப் பிள்ளை வீட்டில் சொல்லவே இல்லை. அவளாகச் சொல்வாள், நாம் நடுவில் புகுந்து ஏன் போட்டுடைக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு, சீட்டு விஷயம் வெளியே வந்துவிடுமோ என்று ஒரு பயம். சாப்பிட்டுவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போனாள் என்று சொல்லிவிட்டேன். நாக்கு கூசவில்லை எழிலு, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. முந்தாநாள் மறுபடி பேசினாள். புதன்கிழமையிலிருந்து மெசேஜ்கூட வரவில்லையாம். விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கிளியம்மாள் போன வாரம் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் காலை ஷிப்ட் நேரத்தில் அவளைப் பார்த்தாளாம், கம்பெனி யூனிஃபார்மிலேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம். நேற்றுக் காலையில் நான் போய்ப் பார்த்தேன். அவள் இல்லை. அவளைப் போல யூனிஃபார்ம் போட்ட பெண்கள் வேறு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு பஸ்ஸிலும் ஏறவில்லை. நான் அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை.

வீட்டு நிலைமையும் சொல்கிறேன். அப்பா ஒரகடம் கூட்ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார். “ஷிப்ட் வுடற நேரத்துலயே வண்டி காலியா ஓடிகினு கீது, நான் இன்னாத்த சொல்ல” என்கிறார். அன்பு டிப்ளமோ முடித்துப் பதினோரு மாதம் ஆகிறது. தினம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஒரு கேட் விடாமல் ஏறி இறங்குகிறான், அனுபவம் உள்ளவன் வேண்டும் என்கிறார்கள் ஒரு கேட்டில், ஒரு வருஷப் பயிற்சிக்கு மட்டும் வா என்கிறார்கள் இன்னொரு கேட்டில். இப்போது சாயங்காலத்தில் அப்பா வண்டியை வாங்கி ஓட்டுகிறான், ஃபைல் வண்டி சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. அக்கா வந்தால் நானும் அவளும் சேர்ந்து தேடுவோம் என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றுச் சீட்டில் தொள்ளாயிரம் அப்படியே இருந்தது, அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே பாடுதான்.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். உனக்கு மட்டும் உண்மையை எழுதி ஒட்டி அனுப்பிவிட்டு அந்த அம்மாவை இன்னும் ஏமாற்றிக்கொண்டிருந்தால் நான் என்ன பெண்பிள்ளை என்று இருந்தது. இப்போதுதான் முப்பிடாதிக்குப் போன் போட்டேன். செல்விக்கு வேலை போய் இருபது நாள் ஆகிறது, ஹாஸ்டலில் இல்லை, எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, முன்னாடியே எனக்குத் தெரிந்தும் நான் அவளிடம் சொல்லவில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “அப்ப அன்னைக்கி பிள்ள சாப்பிட்டுப் போச்சுன்னு சொன்னீகளேம்மா” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் அழுதேன். அவள் அழவில்லை, இன்றைக்கே பஸ் ஏறுகிறேன், இறங்கினால் எனக்கு அங்கே வழி தெரியாது என்றாள். காலையில் கிளாம்பாக்கத்துக்கு அப்பாவும் நானும் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறோம். போலீஸ் ஸ்டேஷன், தோழிகள் ரூம், மருந்துக்கடை எல்லா இடத்துக்கும் அவளோடு போவேன். நாளைக்கு லீவு என்று மகாராஜாவிடம் சொன்னேன், எதற்கு என்று கேட்டான், அதையும் மறைக்கவில்லை. வேலை இருந்தால் இருக்கட்டும், போனால் போகட்டும்.

அதனால் கண்ணு, பேப்பர் போடாதே. கஷ்டம்தான், பாஷை தெரியாத ஊர், காரமில்லாத சாப்பாடு, நீ அழுததெல்லாம் எனக்குத் தெரியும். இங்கே ஏதாவது ஒரு வேலை கையில் நிச்சயமானதும் நானே டிக்கெட் போட்டு வரவழைக்கிறேன். ஆனால் அங்கேயும் உன் டேக்குக்குக் கதவு திறக்காமல் போனால், ஒரு நாள்கூட அந்த யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு எங்கேயும் போய் உட்காராதே. அன்றைக்கே ரயில் ஏறு. அப்பா என்ன சொல்வாரோ, தம்பி என்ன நினைப்பானோ என்று யோசிக்காதே, ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டோம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

எந்தக் கெட்டதும் உன்னை நெருங்காமல், கை கால் சுகத்தோடு, நீ நினைத்தது நடந்து நூறு வயது இருக்க வேண்டும் தாயே. வேல்விழியிடம் கோபப்படாதே, அவளும் சின்னப்பெண்தான், ஆனால் இதையெல்லாம் அவளுக்குச் சொல். தலைக்கு எண்ணெய் வை. நான் கேட்பது ஒன்றே ஒன்று, மறக்காமல் செய். உங்கள் ஹாஸ்டலில் சோறு போடுகிற அம்மா யார் என்று பார்த்து, அவள் பெயரையும் போன் நம்பரையும் எனக்கு அனுப்பு. எனக்கு இந்தி வராது, அன்புவை வைத்துப் பேசிக்கொள்கிறேன். என் பெண் சாப்பிட்டாளா என்று ஒருநாள் கேட்பேன், உள்ளதைச் சொல்லுங்கம்மா என்று அவள் காலில் விழுந்து கேட்டுக்கொள்ளப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா சந்திரம்மாள்.