படையலுக்கு வந்த போத்தல்

அப்பா,

பெரியப்பா காலையில் கொண்டுவந்த போத்தல் குசினியில் அரிசி வாளிக்குப் பின்னால் இருக்கிறது. நல்ல சரக்கா என்று பார்க்க ஒருமுறை திறந்திருக்கிறார். சாராய வாடை நடு அறை வரைக்கும் வருகிறது. நாளை உங்கள் கருமாதி. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படையலில் வைக்க வேண்டும். பூசை முடிந்ததும் மூத்த மகன் போத்தலில் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். வழக்கம் அப்படி. மூத்த மகன், இளைய மகன், நடு மகன் எல்லாம் நான்தானே.

வாடை தாங்காமல் உங்கள் சிங்களப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். குடியை விட்ட ஒருவர் எழுதியது. யட்டவத்தையில் நீங்கள் மூட்டை தூக்கிய மிளகுக் கடை முதலாளி, நீங்களும் குடியை விட்டபோது கொடுத்தது. உங்களுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அதனால் சாராயத் தவறணையில் கூட்டம் சேரும் ஐந்து மணிக்கு, தினமும் இரண்டு பக்கத்தைத் தமிழில் சொல்வது, பாடசாலையில் சிங்களம் படித்த என் வேலையானது. புத்தகம் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. அட்டையில் பாடசாலை லேபல் ஒட்டி ‘குடியியற் கல்வி’ என்று எழுதினேன். நீங்கள் கிழிக்கவில்லை.

வாசிக்கும்போது என் சரக்கையும் கலப்பேன். குடியை விட்டவர் மகனுக்குப் போன் வாங்கிக் கொடுத்தால் மனசு அமைதியாகும் என்று ஒருநாள் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த நீங்கள், “இந்த மனுசன் சிங்களத்துல எழுதினாலும் ஒன் வாயாலதான்டா பேசுறாரு” என்றீர்கள்.

இன்னொரு நாள், நான் கேட்காமலேயே, “அஞ்சு மணியானா பயமா இருக்குடா” என்றீர்கள். மணிக்கூட்டைத் திருப்பி வைக்கவா என்றேன். சிரித்தீர்கள். நாலு வருடம் தினமும் பயந்துகொண்டே எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தீர்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

ஒரு பக்கத்தை மட்டும் விளம்பரம் என்று சொல்லித் திருப்பிவிட்டேன். குடித்தவர்களின் பிள்ளைகளைப் பற்றியது. முதல் வாயே பிடித்துப்போகிற பிள்ளை பயப்பட வேண்டும் என்று அதில் இருந்தது. உங்கள் முகம் வாடுமே என்றுதான் மறைத்தேன்.

உங்களைப் புதைத்த அன்று, குழி வெட்டியவர்களுக்குப் போத்தல் கொடுக்க என்னை அனுப்பினார்கள். என் கை நடுங்கியது. ஒருவர் மூடியில் ஊற்றி நீட்டினார். “குடி தம்பி, நடுக்கம் நிக்கும்.”

நின்றது. தொண்டை எரிந்தது, அதுகூட நன்றாக இருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் மிளகுக் கடை வாசலில் சரிந்த காட்சி முதல்முறையாகக் கண்ணைவிட்டுப் போனது. இன்னொரு மூடி கேட்க ஆசை வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வருகிறது. நாளை எல்லோரும் பார்க்க, வழக்கத்தின் பெயரால், நிறையவே கிடைக்கும். ஒரு வாயோடு நிறுத்துவேனா?

இதுவரை எழுதிவிட்டு, முற்றத்தில் பந்தல் கட்டிக்கொண்டிருந்த பெரியப்பாவிடம் போனேன். படையலில் போத்தல் வேண்டாம் என்றேன். தன் தம்பி குடியை ஒரேயடியாக விட்டதால்தான் செத்தான், மேலே போயாவது குடிக்கட்டும் என்றார். ஊரே அப்படித்தான் சொல்கிறது. அப்புறம் உண்மையைச் சொன்னேன்.

“எனக்கு அது புடிச்சிருச்சு பெரியப்பா. பயமா இருக்கு.”

என் வழக்கமான பகிடிக்குச் சிரிக்கக் காத்திருப்பவர் போல என்னையே பார்த்தார். பகிடி எதுவும் வரவில்லை. ஏணியை விட்டு இறங்கி, கீழ்ப்படியிலேயே உட்கார்ந்தார்.

“எங்கப்பா கருமாதியில மொத வாய் நான் குடிச்சேன். ரெண்டாவது வாய ஒங்கப்பனுக்கு நான்தான்டா ஊட்டினேன். அப்ப அவனுக்கு ஒன் வயசு.”

எழுந்தார். போய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கொட்டினாரா, குடித்தாரா தெரியாது. திரும்பி வந்தபோது கை வெறுமையாக இருந்தது. வாயை மணந்து பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று கொண்டுவருவார்களே என்று கேட்டேன். என் பக்கத்தில் நிற்பதாகச் சொன்னார்.

நிற்பார் என்றுதான் நினைக்கிறேன். பயம் மட்டும் போகவில்லை அப்பா. நேற்றுவரை நான் மட்டும் சுமந்தேன், இன்று பெரியப்பாவுக்கும் தெரியும். நாளை யாராவது கோப்பையை நீட்டினால், அவரிடம் சொன்னதைச் சபை நடுவிலும் சொல்லிப் பார்க்கிறேன். சிரிப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தே அவர்களுக்குப் பழக்கம்.