பாழ்வீட்டு ரசீது

9-7-73, திங்கள்
காலையிலிருந்து காற்று. கடை திறந்த அரை மணியில் பாத்திரமெல்லாம் புழுதி. துடைத்தது மூன்று முறை. விற்றது ஒரு குத்துவிளக்கு, நாலு டம்ளர்.

பதினோரு மணிக்கு நகராட்சிப் பியூன். கடையை ஒட்டிய பாழ்வீட்டுக்கு நோட்டீஸ். வீடு தங்கை ராஜத்தின் பேரில், அம்மா எழுதி வைத்தது. அவள் குமுளியில் இருப்பதால் ரிஜிஸ்தரில் என் கடை விலாசம். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கூரை விழுந்த வீடு, முள், குப்பை, பாம்பு நடமாட்டம். பதினைந்து நாளில் சுத்தம் செய்யாவிட்டால் நகராட்சியே செய்து செலவைச் சொந்தக்காரரிடம் வசூலிக்கும். கட்டாவிட்டால் ஜப்தி, ஏலம்.

"பொதுமக்கள் புகாரின்பேரில்" என்று போட்டிருக்கிறது. பொதுமக்கள் என்றால் பாழ்வீட்டுக்கு அந்தப் பக்கம் விதைக்கடை வைத்திருக்கும் தேவசகாயம். வேறு யார்? மூட்டை அடுக்கக் கிட்டங்கி கட்ட இடம் தேடுகிற ஆள். ஏலத்துக்கு வந்தால் அள்ளிக்கொள்ளலாம் என்ற கணக்கு.

நோட்டீஸை டிராயரில் வைத்துப் பூட்டினேன். ராஜத்துக்குச் சொல்லவில்லை. புருஷன் போய் இரண்டு வருஷம், ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கி இரண்டு பெண்களை வளர்க்கிறாள். அவளுக்கு எதற்கு மனக்கஷ்டம். அதுதான் காரணம்.

11-7, புதன்
விதைக்கடைக்குப் போனேன், கத்தரி விதை வாங்குகிற சாக்கில். பேச்சைத் தே.யே எடுத்தார்.

"புகார் நாந்தேன் குடுத்தேன் அண்ணாச்சி. அங்கன இருந்து எலி வந்து மூட்டையக் கொதறுது. உங்ககிட்ட எத்தன தடவ சொன்னேன்?"

ஒளிக்காமல் சொல்கிறார். அதுதான் இடிக்கிறது. மடியில் ஒன்றும் இல்லாதவர் இவ்வளவு வெளிப்படையாகப் பேச மாட்டார். விதை 60 பைசா. வீட்டில் தொட்டி கூடக் கிடையாது.

19-7, வியாழன்
சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். பாழ்வீட்டைச் சுற்றிப் பார்த்தார், டேப் பிடித்து அளந்தார், ஏதோ குறித்தார். டேப் எதற்கு? குப்பையை யாராவது டேப் வைத்து அளப்பார்களா? போகும்போது தே. கடையில் சோடா குடித்தார். காசு கொடுத்ததாகத் தெரியவில்லை.

வாங்க வேண்டியது: குடைக்கம்பி, பார்வதிக்குத் தலைவலித் தைலம், பழைய பேப்பர்.

26-7, வியாழன்
சாரல். நகராட்சி ஆட்கள் ஆறு பேர், இரண்டு மாட்டுவண்டி. வாசலில் நின்று வண்டி நடையை எண்ணினேன், பில்லில் கூட்டிப் போட்டுவிடக் கூடாது. தே. தன் வாசலில் நின்றார். அவர் எதை எண்ணினார் என்று தெரியவில்லை.

முள் 3 வண்டி
செங்கல், ஓடு 2
மற்றவை 4

மற்றவை என்றால் வைக்கோல், உடைந்த மரப்பெட்டி. மேஸ்திரி தெருவே கேட்கிற மாதிரி:

"ஏலே, வைக்கோலப் பூராம் இங்கன ஒதுக்குங்க. மொதலாளி, இது பாத்திரப் பெட்டியில வர்ற வைக்கோலுல்ல? உங்க கடைச் சரக்குத்தான?"

சுவருக்கு அந்தப் பக்கம் வீசுவது வழக்கம்தான். தங்கை இடம்தானே என்று பத்து வருஷமாக வீசியது. காற்றுக்குப் பறந்திருக்கும் என்றேன்.

"பெட்டியுமா பறந்துச்சு?" என்றார் தே. எல்லோரும் சிரித்தார்கள். வண்டிக்காரன்கூட. உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

30-7, திங்கள்
பில் வந்தது. மறுபடியும் என் கையெழுத்து. கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து ரூ. 138. முப்பது நாள் தவணை. நடை ஒன்பது என்றுதான் போட்டிருக்கிறார்கள். சரியாக இருக்கிறது. ஆச்சரியம்.

யோசனை: நானே கட்டிவிடுவது. ரசீது என் கையில் இருக்கும். நாளைக்கு இடம் யாருடையது என்று பேச்சு வந்தால் முதலில் கேட்பது, "ரசீது யார்கிட்ட இருக்கு?" கட்டியவன்தான் பாத்தியக்காரன் என்று ஊரே சொல்லும். தேனி பஜாரில் கடையை ஒட்டி இருபதடி முகப்பு இனி எவன் தருவான்?

பயம் என்னவென்றால், தே. முந்திக்கொண்டு கட்டிவிட்டால்? தினமும் நகராட்சி ஆபீஸ் பக்கம் போகிறார். தபாலாபீஸும் அங்கேதான் இருக்கிறது. இருந்தாலும்.

ராத்திரி சோறு போடும்போது பார்வதி கேட்டாள், "ராஜத்துக்கு ஒரு கார்டு போட்டீகளா?" போட்டேன் என்றேன்.

3-8, வெள்ளி
மதுரைப் பாத்திரக்காரருக்குப் பணம் அனுப்பியதில் கை காலி. திங்கட்கிழமை கட்டிவிடலாம். தே. இன்று வெள்ளைச் சட்டை, கையில் பை. எங்கே என்று கேட்டேன். கல்யாண வீடு என்றார். ஆடியில் என்ன கல்யாணம்? அவர்கள் சர்ச்சில் ஆடியெல்லாம் பார்ப்பதில்லையாம்.

6-8, திங்கள்
பணத்தோடு நகராட்சிக்குப் போனேன். பில் கலெக்டர் புத்தகத்தைப் புரட்டினார்.

"இது கட்டியாச்சே. சனிக்கிழமையே."

தேவசகாயம்தானே என்று கேட்டேன்.

"அவுக எதுக்குக் கட்டுறாக? வீட்டுக்காரம்மாவே வந்தாக. குமுளியில இருந்து. உங்க தங்கச்சியாம்ல? சுருட்டுன நோட்டும் சில்லறையுமா கொண்டாந்து கட்டுனாக. விலாசத்தையும் மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்துட்டாக. இனி நோட்டீசு நேரா குமுளிக்கே போயிரும்."

நகராட்சியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு என் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். சனிக்கிழமை பொழுதுக்கும் நான் கடையில்தான் இருந்தேன். பார்த்துக்கொண்டிருந்தது தே.வின் கடையை.

கடைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்தேன். பார்வதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"கார்டு நாந்தேன் போட்டேன். நீங்க போட்டிருக்க மாட்டீகன்னு தெரியும்."

வீட்டுக்கு வந்தாளா என்று கேட்டேன்.

"பஸ் ஸ்டாண்டுல போயிப் பாத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுப் போ ஆத்தான்னு கையப் புடிச்சு இழுத்தேன். 'வேணாம் மதினி, அண்ணே காயிதத்த நீட்டும். நீட்டுனா நானும் கையெழுத்துப் போட்டுருவேன்'னு அழுதா."

காகிதம் இருப்பது உண்மை. தன் பாத்தியத்தை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக, தை மாதம் பத்திர எழுத்தரிடம் எழுதி வாங்கி வைத்த விடுதலைப் பத்திரம், அவள் கையெழுத்து மட்டும் பாக்கி. பீரோவில் இருக்கிறது, சாவி என் இடுப்பில். எழுதியவர் பெரியகுளத்துக்காரர், இங்கே யாருக்கும் அவரைத் தெரியாது. தே.வுக்குத் தெரிய வழியே இல்லை. பார்வதியிடமும் நான் சொன்னதில்லை. அப்படியானால் ராஜத்துக்கு யார் சொன்னது?

கேட்டேவிட்டேன்.

"யாரும் சொல்லல. 'எங்க அண்ணன எனக்குத் தெரியாதா'ன்னா."