பிற்பகல் கையொப்பம்

3 ஜூன் 2024, திங்கள்

இன்று எனக்கு எழுபத்தாறு வயது, நான்கு மாதம், பதினொரு நாள். முழங்கால்கள் இன்னும் மூத்தவை.

ஹம்சிகா வந்தாள். நான் அதிபராயிருந்து ஓய்வுபெற்ற உக்குவளைப் பாடசாலையில் இப்போது தரம் மூன்றின் ஆசிரியை. மாத்தளையில் ஐந்து செவ்வாய்க்கிழமைகள் ஆசிரியர் பயிற்சி. அதிபர் அன்ஸாப் அனுப்ப மறுக்கிறாராம்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு டீச்சர்."

சொல்ல மாட்டேன் என்றேன். பயிற்சி என்பது ஒரு சோற்றுப் பார்சலும் ஒரு சான்றிதழும். அவள் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

4 ஜூன்

மழை. மிளகுக்கொடி சரிந்துவிட்டது. யாரும் வரவில்லை, நிம்மதி.

6 ஜூன், வியாழன்

மறுபடி வந்தாள். அவள் வகுப்பில் அஸ்ரா என்றொரு சிறுமி. முகம் பார்த்துக் கேட்டால் பதில் சொல்கிறாள். கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கேட்டால் சொல்வதில்லை.

"காதுலதான் கோளாறுனு நெனைக்கிறேன் டீச்சர். அவ உம்மா, 'வீட்டுல நல்லாத்தானே கேக்குது'ங்கிறாங்க. எப்படிச் சோதிச்சுக் காட்டுறது? மூணாவது செவ்வாய் அதத்தான் சொல்லித் தர்றாங்க. இல்லாட்டி இவளச் சோம்பேறினு ஒதுக்கிருவாங்க."

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போனேன். ஏன் போனேன்? காரணம் தெரியாதவள் போல என்னையே கேட்கிறேன்.

7 ஜூன், வெள்ளி

அன்ஸாபிடம் போனேன். ஒருகாலத்தில் என்னிடம் புது ஆசிரியராக வந்து சேர்ந்தவர்.

"வகுப்ப யாரு பாக்குறது டீச்சர்? பயிற்சிக்குப் போனா, பகல் சாப்பாட்டோட பாதிப் பேரு பஸ் ஏறிருவாங்க. எல்லாரும் உங்கள மாதிரியா? நீங்க ஒரு பயிற்சியும் தவறவிட்டதில்ல. பதிவேட்டப் பாத்திருக்கேன்."

"அந்தப் பதிவேடு பொய்."

பேனையைக் கீழே வைத்தார். மீதியையும் சொன்னேன். அதை இங்கே எழுத இன்று கை வரவில்லை.

செவ்வாய்களில் தரம் மூன்றை நான் பார்ப்பதென்று முடிவு.

25 ஜூன்

மூன்றாவது செவ்வாய். முப்பத்தொரு பிள்ளைகள். முழங்கால் போயிற்று. அஸ்ராவின் பக்கம் முகம் திருப்பியே நாள் முழுதும் பேசினேன்.

12 ஜூலை, வெள்ளி

ஹம்சிகா அஸ்ராவின் பின்னால் நின்று, வாயைக் காகிதத்தால் மறைத்துச் சொற்களைச் சொன்னாளாம். தாயின் முன்னிலையில். பத்தில் எட்டுக்குப் பிள்ளை அசையவில்லை. உம்மா மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறாள்.

ஆகவே அன்று எழுதாததை எழுதுகிறேன்.

1987இல் ஒரு பயிற்சியில், வரவுத் தாளின் காலைக் கட்டத்திலும் பிற்பகல் கட்டத்திலும் ஒரே மூச்சில் கையொப்பமிட்டுவிட்டு, சோற்றுப் பார்சலோடு பன்னிரண்டரை பஸ்ஸில் வீடு திரும்பினேன். எல்லோரும் செய்ததுதான். பிற்பகல் பாடம்: செவிப்புலன் குறைந்த பிள்ளைகளை இனங்காணல்.

அவ்வாண்டு என் வகுப்பின் பின்வரிசையில் வேலம்மா இருந்தாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். "கவனமில்லை; படிப்பில் நாட்டமில்லை" என்று தேர்ச்சி அறிக்கையில் என் அழகான கையெழுத்தில் எழுதினேன். அதை நம்பி அவளுடைய அப்பா அவளைப் பாடசாலையிலிருந்து நிறுத்தி, தம்பியைப் பார்க்க வீட்டில் விட்டார்.

பத்து ஆண்டு கழித்து யட்டவத்தச் சந்தையில் அவளைப் பின்னாலிருந்து மூன்று முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. முன்னால் போய் நின்றேன்.

"டீச்சர்! நல்லா இருக்கீங்களா?" என்றாள். அவள் கண்கள் என் உதடுகளில் இருந்தன.