ஜன்னல் சந்தில் இருந்த சட்டை

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இங்கே நலம். நீங்களும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? மழுப்பாமல் எழுதுங்கள்.

ஒரு பல்பு மாற்றவே மூக்கால் அழும் வீட்டு ஓனர், நான் கேட்காமலே என் அறைக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டுவிட்டார். குளிர் உள்ளே வராதாம், ஹீட்டர் பாதி நேரம் ஓடினால் போதுமாம். இவருக்கா திடீர்க் கரிசனம்? நம்பாமல் ஓரமெல்லாம் மெழுகுவர்த்தி காட்டிப் பார்த்தேன். சுடர் ஆடவே இல்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

பழைய ஜன்னலின் சந்தில் உங்கள் கட்டம் போட்ட சட்டையை அடைத்து வைத்திருந்தேன். தையல் கடை வேலை முடிந்து திரும்பினால் அதைக் காணோம். ஜன்னல் மாட்டியவர் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கந்தலா? குப்பைல போட்டாச்சு. இனிமே அது எதுக்குக்கா?" என்றார். முழியே சரியில்லை. கீழே போய்க் குப்பைத்தொட்டியைக் கிளறினேன், கிடைக்கவில்லை. சிரிக்காதீர்கள்.

அறை இப்போது கதகதப்பாக இருக்கிறது. தெருச் சத்தம்கூடக் கேட்பதில்லை.

அடுத்த பார்சலில் இன்னொரு பழைய சட்டை வையுங்கள். அடைக்கத்தான் சந்து இல்லையே என்று கேட்காதீர்கள். பஸ் வந்துவிடும், முடிக்கிறேன்.

சட்டையைத் துவைக்க வேண்டாம்.