கொண்டை ஊசி

மார்ச் 12, செவ்வாய்.

தூக்கம் வரவில்லை. லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்வியின் கதவுப் பூட்டைத் திறந்து கொடுத்ததுதான் காரணம்.

சாயங்காலம் தேயிலை பறித்துவிட்டு மழையில் நனைந்தபடி வந்து நின்றாள். "அண்ணே, சாவிய கொழுந்துப் பையில போட்டு வச்சிருந்தேன். நிறுக்கிறப்ப கொழுந்தோட சேத்துக் கொட்டிட்டேன். லொறியும் போயிருச்சி. நீங்கதான் தொறந்து தரணும்."

வீடு உடைத்து ஜெயிலுக்குப் போய் வந்த என்னிடம், லயத்து ஆட்களெல்லாம் பார்த்து நிற்க, இப்படிக் கேட்டாள். கிண்டலில்லை. நம்பித்தான் கேட்டாள்.

என் மனைவி ராணி தன் கொண்டை ஊசியை உருவி நீட்டினாள். அதை நெளித்துப் பூட்டுக்குள் விட்டுத் திருப்பினேன். பூட்டு விட்டுக்கொடுத்த அந்த நொடியில் உடம்பெல்லாம் சூடேறியது. விடுதலையான அன்றுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷமில்லை. எல்லோரும் சிரித்தார்கள். ராணி மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படுக்கப் போகும்போது, "ஊசி எங்கங்க?" என்றாள்.

மழையில் எங்கேயோ விழுந்துவிட்டது என்றேன். டோர்ச்சை எடுத்துப்போய் வாசலெல்லாம் தேடிவிட்டு, வந்து படுத்தாள்.

இன்னும் தூங்கியிருக்க மாட்டாள். ஊசி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.