நடுவில் வைத்த கிண்ணம்

ஜூலை 9, புதன்

சபேஷ் வந்ததும் வராததுமாகச் சொன்னான். "சனிக்கிழம அம்மாவும் அப்பாவும் இங்க வராங்க சிந்து." புதுச்சேரியில் மாமாவுக்குக் கண் காட்டிவிட்டு, சிதம்பரம் திரும்பும் வழியில்.

கல்யாணமாகி நான்கு வருடம். இந்தச் செம்மண்டலம் வீட்டு வாசலை அத்தை மிதித்ததில்லை. அந்தோணிசாமி மகள் கையால் சோறு சாப்பிட மாட்டேன் என்று அன்றே சொன்னவர். அப்புறம் நான் எதைக் கொடுப்பது?

"உன் சீஸ் டிப் பண்ணு. பால் சமாச்சாரம்தான, அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

இது சரியாக நடந்துவிட்டால் போதும். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

ஒத்திகை. பூண்டு கிடையாது. புதுச் சட்டி, புதுக் கரண்டி. சில சீஸில் பாலை உறைய வைக்க, கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ஒரு பொருள் சேருமாம். கடையில் நின்று ஒவ்வொரு பாக்கெட்டாகப் படித்து, அது இல்லாததை வாங்கினேன்.

முதல் தடவை தீ அதிகமாகி திரிதிரியாகப் போய்விட்டது. அடுத்தது: வெண்ணெய், ஒரு ஸ்பூன் சோள மாவு, பால். கெட்டியானதும் சிறு தீயில் துருவிய சீஸைக் கொஞ்சம் கொஞ்சமாக. கடைசியில் மிளகு. பத்தே நிமிடம், வழவழவென்று வந்தது.

நானும் சபேஷும் ஒரே கிண்ணத்தில் சிப்ஸைத் தொட்டு, கடித்து, மறுபடி தொட்டு வழித்தோம். காலேஜில் என் பஜ்ஜியில் பாதியைக் கடித்துவிட்டு மீதியை என்னிடமே நீட்டினான். இவன்தான் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

ஜூலை 12, சனி

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

அத்தை உட்கார்ந்தார். தண்ணீர்கூடக் குடித்தார். கிண்ணத்தை நடுவில் வைத்தேன். எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டார். காட்டுகிறேன் பேர்வழி என்று ஒரு சிப்ஸைத் தொட்டேன், கடித்தேன், கடித்த துண்டை மறுபடி கிண்ணத்தில் தொட்டேன்.

நீட்டிய கையை அத்தை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"எச்சப் பண்ணிட்டியேம்மா." கோபமே இல்லை அந்தக் குரலில். மாமா பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தார்.

அதுகூடப் பரவாயில்லை. சபேஷ் கையிலும் ஒரு சிப்ஸ் இருந்தது. அதைத் தொடாமல் தட்டில் திரும்ப வைத்தான். நான் பார்த்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். முட்டி போட்டேன். ஜெபம் வரவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

இரண்டாவது வாரமாகச் சிதம்பரம் போய் வருகிறான். அன்றைக்கு ஏன் சிப்ஸைத் திரும்ப வைத்தாய் என்று இன்று வாய் விட்டுக் கேட்டுவிட்டேன்.

"இதுகூடவா தெரியாது உனக்கு?" என்றான்.

"தெரியாதுதான். நாலு வருசமா நீயும் அதத்தான பண்ண? அப்ப ஏன் சொல்லல?"

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். சீஸைப் பற்றி அத்தனை படித்தேனே, ஆளுக்கொரு கப் வைக்கத் தோன்றவில்லையே. எங்கள் வீட்டில் ஒரே தட்டில் நாலு கை விழும். அது தப்பு என்று எனக்கு யார் சொன்னார்கள்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நானும் வருகிறேன் என்று சிதம்பரம் போனேன். கீழ வீதியில் ஒரு காபிக் கடையில் என்னை உட்கார வைத்து, "நீ இங்கயே இரு, அம்மாவப் பாத்துட்டு வந்துடுறேன்" என்று போனான். ஒன்றே முக்கால் மணி நேரம். மூன்று காபி.

திரும்பி வந்தபோது கையில் டப்பா. அம்மா கொடுத்த இட்லி, கொத்சு. ஒரு ஆளுக்கு இருந்தது.

ஆகஸ்ட் 9, சனி

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை. நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன். யாரிடம் என்றுதான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இந்த வாரம் அவன் ஊருக்குப் போகவில்லை. பைத்தியம் மாதிரி சந்தோஷப்பட்டேன். சாயங்காலம் டிப் செய்தேன், பூண்டெல்லாம் தட்டிப் போட்டு, பழையபடி. கிண்ணத்தை நடுவில் வைத்தேன்.

வந்து பார்த்தான். "வாசனையா இருக்கு" என்று சிரித்தான். நிஜச் சிரிப்புதான். பிறகு சமையலறைக்குப் போய் ஒரு கப்பும் ஸ்பூனும் எடுத்து வந்தான். நான் தொடுவதற்கு முன் தனக்கு வேண்டியதை அதில் எடுத்துக்கொண்டான்.

"ஆறிடப் போவுது, சாப்பிடு சிந்து."

கோபமில்லை, குத்தலில்லை. தான் என்ன செய்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. அதனால் நானும் கேட்கவில்லை. கடித்தேன், தொட்டேன், மறுபடி கடித்தேன். முழுக் கிண்ணமும் எனக்கே.

சாப்பிட்டு முடித்துத் தன் கப்பைத் தானே கழுவி, மேல் அலமாரியில் தனியாகக் கவிழ்த்து வைத்தான்.