வலது பக்கக் கம்பி

சுண்டு,

இங்கே நான், அப்பா, உன் தங்கச்சி மூன்று பேரும் நலம். அடுத்த வரியில் உன் நலம் கேட்டு எழுதுவதுதான் வழக்கம், கை அங்கே போய் நின்றுவிட்டது. நீ செத்துப் பதினோரு மாதம் ஆகிறது. இப்படி வெட்டென்று எழுதாதே என்பார் அப்பா, ஐந்தாவது வரை படித்தவளுக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. நீ வேலைக்காக வெளியூரில் இருந்தபோது மாதம் ஒரு கடிதம் போட்டேன் அல்லவா, அந்தப் பழக்கத்தில் இதையும் எழுதுகிறேன், மேலே எழுத விலாசம்தான் இல்லை. அப்பாவுக்கு அதே பஸ், அதே ரூட். முட்டி வலிக்கிறது, டாக்டரிடம் போகச் சொன்னால் அதெல்லாம் போன வாரமே சரியாப் போச்சு என்கிறார், மாடிப்படியில் பாதியில் நின்று ஃபோன் பார்க்கிற மாதிரி நடிக்கிறார். உன் மேஜையைத் தங்கச்சி எடுத்துக்கொண்டாள். என்னிடம் கேட்டுத்தான் எடுத்தாள்.

சின்ன முகக்காரிகளுக்கென்று நீ செய்து விற்க நினைத்த கூலிங் கிளாஸ் விஷயம் சொல்ல வேண்டும். நாற்பது பெண்களின் முகம் அளக்க வேண்டும் என்று நோட்டில் எழுதி முப்பத்தொன்று அளந்திருந்தாய், மீதி ஒன்பதை நான் அளந்தேன். எல்லோரும் நம்மைப் போலச் சின்ன முகக்காரிகள், கடையில் குழந்தைகள் பக்கம் போய் பொம்மை ஒட்டிய கண்ணாடியை வாங்கி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள், நீயும் அப்படித்தானே ஆரம்பித்தாய். அளவுகளை நல்ல தாளில் எழுதி பிரேம் பட்டறைக்காரரிடம் கொடுத்தது நான்தான். அங்கேதான் தப்பு. முப்பது வருஷம் ஜாக்கெட் தைத்த கை, லூஸ் கூட்டாமல் எந்த அளவையும் எழுதாது. பக்கத்துக்குக் கால் அங்குலம் கூட்டி எழுதியிருக்கிறேன், எழுதியது எனக்கே தெரியாது. ஐம்பது பிரேம் வந்து இறங்கியது. தங்கச்சி ஒன்றை மாட்டிக்கொண்டு செருப்பு வாரைப் போடக் குனிந்தாள், கண்ணாடி தரையில் கிடந்தது. ஏம்மா, இது சின்ன மூஞ்சிக்கா, இல்ல மேல் வீட்டுப் பயில்வானுக்கா என்றாள். பட்டறைக்காரர் என் தாளையும் உன் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னம்மா, கண்ணாடி சாப்பிட்டு சதை போடும்னு லூஸ் விட்டீங்களா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போன பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

அப்புறம் அவர் சொன்னதுதான் சிக்கல். அகலம் நோட்டுல இருக்கும்மா, வளைவு நோட்டுல இல்லையே, உங்க பொண்ணு தனக்குன்னு ஒண்ணு அரத்தால ராவி, வெந்நீர்ல வளைச்சு வச்சிருந்துச்சே, அது வேணும் என்றார். அது என் துணி அலமாரியில் இருந்தது. மூக்கில் உட்காரும் இடத்தில் உன் பவுடர் ஒட்டியிருந்தது, நான் துடைக்கவில்லை. கழுவணும், காதுல மாட்டுற கம்பி ரெண்டையும் கழட்டணும், திரும்ப மாட்டினா இதே மாதிரி நிக்காது, யோசிச்சுக் குடுங்க என்றார். நாலு நாள் கொடுக்கவில்லை. தங்கச்சி அந்த ஐம்பது பிரேமையும் கூடத்தில் நடக்கிற வழியிலேயே வைத்திருந்தாள். ஐந்தாம் நாள் ஒரு ஜாக்கெட் பிட்டில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கழுவியபோது நான் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கழட்டும்போது, வலது கம்பி இடதைவிடக் கொஞ்சம் விரிஞ்சிருக்கே, அப்படியே செய்யவா என்றார். வேண்டாம், இரண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்றேன். பழைய சட்டையை வைத்துப் புதிது வெட்டும்போது, போட்டவர்களின் முழங்கை புடைப்பையும் சேர்த்தா வெட்டுவோம், அந்த நினைப்பில் சொன்னேன்.

இந்தத் தடவை அளவு சரியாக வந்தது. பெயர் உன் பெயர்தான், பெட்டியில் சுண்டு என்று போட்டிருக்கிறோம், இங்கிலீஷில் வைத்தால்தான் எடுபடும் என்று தங்கச்சி இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டு அவளே அந்த எழுத்தை வரைந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைக் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் ஒரு மேஜை, ஒரு நிலைக்கண்ணாடி, அவ்வளவுதான் திறப்புவிழா. இரண்டு மணி நேரம் எல்லோரும் வந்து முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு போனார்கள். பிறகு டிராஃபிக்கில் நிற்கும் ஒரு போலீஸ்காரப் பெண் வந்தாள், அவள் கண்ணாடிக்குப் பின்னால் ரப்பர் பேண்ட் கட்டியிருந்தாள். நம்முடையதை மாட்டினாள், தலையை உதறினாள், குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். விழவில்லை. அட, நின்னுடுச்சே என்று சொல்லி, காசைக் கொடுத்துவிட்டு, கழட்டாமலேயே போனாள். முகம் உன் முகம் இல்லை. கண்ணாடி மட்டும் உன் மூக்கில் நிற்கிற இடத்திலேயே நின்றது. மாலைக்குள் பத்தொன்பது விற்றுப்போனது.

நேற்று அந்தப் பெண் மறுபடி வந்தாள். எல்லாம் சரிம்மா, நாங்க ஒரு கையைக் காட்டி வண்டியை நிறுத்திக்கிட்டே இன்னொரு கையால கழட்டுவோம், அப்ப வலது காதுகிட்ட சுரீர்னு இழுக்குது என்றாள். நீயும் ஒற்றைக் கையால்தான் கழட்டுவாய், இன்னொரு கையில் எப்போதும் ஃபோன். அடுத்த இருநூறுக்கு நாளைக் காலை பட்டறையில் அச்சு வெட்டுகிறார்கள். வலது கம்பியை விரிக்கணுமா வேண்டாமான்னு சொல்லிடுங்க என்று பட்டறைக்காரர் இரண்டு தடவை ஃபோன் பண்ணிவிட்டார். அம்மா, நீயே சொல்லு என்கிறாள் தங்கச்சி. ஒரு தடவை என் கைப்பழக்கத்தால் கெட்டது, இன்னொரு தடவை கெட்டால் அவள் தாங்க மாட்டாள், உன் மேஜையில்தான் உட்கார்ந்து அழுவாள்.

நன்றாக இரு என்று எழுதித்தான் எப்போதும் முடிப்பேன், அதையே எழுதுகிறேன், எங்கே இருந்தாலும் நன்றாக இரு. வெயிலில் வெறும் கண்ணோடு நடக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா

கையெழுத்துப் போட்டுவிட்டேன், இருந்தாலும் கேட்கிறேன். அந்த வலது கம்பியை நீ யோசித்துத்தான் விரித்து வைத்தாயா, இல்லை தினம் கழட்டிக் கழட்டி அது தானாக விரிந்துகொண்டதா?